பழைய மெஷினுக்குப் புது மூளை

சென்ற ரமலானுக்கு ஒரு மாதம் முன்பு, ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி வந்து ஸலாம் சொன்னார். திண்டிவனத்தில் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருப்பவர். "பாய், நீங்க பேனல் வேலை பார்க்கிறவர்னு சொன்னாங்க. ஒரு மெஷின் வாங்கி மாட்டிக்கிட்டேன். ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் போனேன். மரத்தில் பூ வேலையும் ஜாலியும் வெட்டுகிற சிஎன்சி ரௌட்டர் அது. வெளியூரில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். இரும்புச் சட்டம் கனமானது. மூன்று அச்சுகளிலும் பால் ஸ்க்ரூ, மூன்றிலும் சர்வோ மோட்டார். எல்லாம் நல்ல பொருள். ஆனால் கன்ட்ரோலர் திரையில் வெளிச்சம் வரவில்லை. அந்த மாடலை இப்போது யாரும் செய்வதில்லை. புது கன்ட்ரோலர் போட்டு ஓடவைத்துத் தர ஒருவர் கேட்ட தொகை, தம்பி மெஷினுக்குக் கொடுத்த விலையைவிட அதிகம். இன்னொருவர் இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். மெஷின் வாங்கிய பணம் அவருடைய அம்மாவின் ஆறு பவுன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த மெஷின் இப்போது ஓடுகிறது. அதற்கு மூளையாக இருப்பது ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரும் லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருளும். மரவேலை, கிரில் வேலை, கிரானைட், அக்ரிலிக் போர்டு என்று நம் ஊரில் இப்படிப்பட்ட மெஷின் பக்கம் போகிற குடும்பங்கள் கூடிக்கொண்டு வருகின்றன. பிள்ளை "மெஷின் வாங்கணும்" என்று வந்து நிற்கும்போது பெற்றோருக்கும் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் என்ன செய்தோம், எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதை எழுதுகிறேன். சில பத்திகள் கணக்காக இருக்கும். அவற்றை ஐடிஐ படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் மெஷினுக்குள் யார் யாருக்கு என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். வரைபடத்தை எண்களாகப் படித்து "எக்ஸ் அச்சு 40 மில்லிமீட்டர் நகரட்டும்" என்று ஆணை போடுவது கன்ட்ரோலர். அந்த ஆணை வருகிற மொழிக்கு ஜி-கோடு என்று பெயர். ஆணையை வாங்கி மோட்டாருக்குத் தேவையான மின்சாரத்தை அளந்து கொடுப்பது டிரைவ். சுற்றுவது மோட்டார். மோட்டாரின் பின்பக்கம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்கிற என்கோடர் இருக்கும். மோட்டார் சுற்றினால் பால் ஸ்க்ரூ சுற்றும், ஸ்க்ரூ சுற்றினால் மேசையோ தலையோ நகரும்.

விலை குறைந்த மெஷின்களில் ஸ்டெப்பர் மோட்டார் வரும். சர்வோவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கடைக்கு இரண்டு பையன்களை அனுப்புகிறோம் என்று வையுங்கள். ஒருவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போவான், வாங்கினானா இல்லையா என்று நமக்குத் தெரியாது. அவன் ஸ்டெப்பர். இன்னொருவன் கடையில் நின்று "அத்தா, வந்துட்டேன், இந்தச் சாமான் இருக்கு, அது இல்லை" என்று போன் செய்வான். அவன் சர்வோ. கட்டையில் முடிச்சு வந்து உளி திணறினால் ஸ்டெப்பர் படி தவறிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மேலே போகும். சர்வோ இன்னும் அழுத்திப் பார்க்கும். முடியாவிட்டால் அலாரம் அடித்து நிற்கும்.

தம்பியின் மெஷினில் செத்துப்போனது கன்ட்ரோலர் மட்டும். டிரைவும் மோட்டாரும் உயிரோடு இருந்தன. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். இன்றைய சர்வோ டிரைவ்களில் பெரும்பாலானவற்றில், என்கோடர் தன் டிரைவுக்கு மட்டுமே புரிகிற மொழியில் பேசும். டிரைவ் எரிந்திருந்தால் அந்த மோட்டாரை வேறு கம்பெனி டிரைவில் மாட்டி ஓட்டுவது பெரும்பாலும் நடக்காது. செகண்ட் ஹேண்ட் மெஷின் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காமல் முதலில் இதைப் பாருங்கள்: மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வொரு டிரைவின் சின்னத் திரையிலும் எழுத்து வருகிறதா, அலாரம் எண் காட்டுகிறதா.

இனி அந்த மென்பொருள். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 1990-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிஎன்சி கன்ட்ரோலர் என்றால் ஒவ்வொரு கம்பெனியும் பூட்டிவைத்த பெட்டியாக இருந்த காலம் அது. பூட்டைத் திறந்து சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே மெஷினை ஓட்ட முடியுமா என்று பார்த்தார்கள். ஈஎம்சி என்று பெயரிட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ஒரு பெரிய மெஷினில் பூட்டிச் சோதித்தார்கள். அரசு ஊழியர்கள் எழுதியது என்பதால் அதற்குப் பதிப்புரிமை இல்லை, பொதுச் சொத்தாக வெளியே வந்தது. பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் கையில் வளர்ந்தது. ஈஎம்சி என்ற பெயரிலேயே ஒரு பெரிய கணினி நிறுவனம் இருந்ததால் ஆட்சேபம் வந்து, 2011-இல் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாறியது. இன்று அது ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், அதைப் பூட்டி மெஷின் செய்து விற்கவும் செய்யலாம். நாம் செய்துகொடுக்கும் வேலைக்குக் கூலி வாங்குவதிலும் தடையில்லை.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கட்டண மென்பொருளை யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து "கிராக்" போட்டுக் கொடுப்பதைப் பட்டறைகளில் பார்க்கிறேன். அது அடுத்தவர் உழைப்பு. இலவசமாகவே முறைப்படி கிடைக்கும்போது அந்த வழி எதற்கு?

இலவசம் என்றதும் எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டு ஓட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நாம் சினிமா பார்க்கும்போது கம்ப்யூட்டர் அரை நொடி திணறினால் ஒன்றும் ஆகாது. மெஷின் ஓடும்போது திணறினால் கட்டை வீண், சில நேரம் விரலும் வீண். லினக்ஸ்சிஎன்சி ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஒரு தடவை, அதாவது நொடிக்கு 1,000 தடவை, எங்கே இருக்கிறோம், எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கும். அந்த நேரம் தவறவே கூடாது. அதற்காக லினக்ஸின் உட்கருவில் நேரம் தவறாத ஒரு மாற்றம் செய்யப்பட்ட பதிப்பு வேண்டும். பல ஆண்டுகள் அந்த மாற்றம் தனி ஒட்டாகவே இருந்தது. 2024-இல்தான் 6.12 பதிப்போடு லினக்ஸின் பொது ஓட்டத்தில் சேர்ந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இல் லினக்ஸ்சிஎன்சியும் தொகுப்பாகவே கிடைக்கிறது.

கம்ப்யூட்டர் தேறுமா என்று பார்க்க அதிலேயே ஒரு தாமதச் சோதனை உண்டு. அதை ஓடவிட்டு, நாலு ஜன்னல் திறந்து, பெரிய கோப்புகளை நகல் எடுத்து, கம்ப்யூட்டரைப் பாடாய்ப் படுத்த வேண்டும். ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும், ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் பயனில்லை. தாமதம் 20 மைக்ரோ வினாடிக்குள் இருந்தால் மிக நன்று. 100-ஐத் தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டர் தானே பல்ஸ் உண்டாக்கும் வேலைக்கு ஆகாது, பல்ஸுக்குத் தனி அட்டை போட வேண்டும். 1,000-ஐத் தாண்டினால் இந்த வேலைக்கே ஆகாது. லேப்டாப்களில் மின்சாரச் சிக்கன வேலைகள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் பெரும்பாலும் தோற்றுவிடும். தம்பி வைத்திருந்த பழைய டெஸ்க்டாப் முதலில் 180 காட்டியது. பயாஸில் போய் மின்சிக்கனத்தையும் ஹைப்பர் த்ரெட்டிங்கையும் அணைத்ததும் 30-க்குள் இறங்கிவிட்டது.

சரி, கம்ப்யூட்டரிலிருந்து டிரைவுக்கு ஆணை எப்படிப் போகிறது? மூன்று வழிகள். நாங்கள் எடுத்தது முதல் வழி: பல்ஸும் திசையும். ஒரு கம்பியில் பல்ஸ், இன்னொரு கம்பியில் எந்தப் பக்கம் என்ற செய்தி. ஒரு பல்ஸ் வந்தால் டிரைவ் மோட்டாரை ஒரு துளி திருப்பும். எத்தனை பல்ஸுக்கு ஒரு சுற்று என்பதை டிரைவுக்குள் எலக்ட்ரானிக் கியர் என்ற அமைப்பில் நாமே வைக்கலாம்.

இங்கேதான் கணக்கு. தம்பியின் மெஷினில் பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் நகரும். சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்று வைத்தால் மில்லிமீட்டருக்கு 1,000 பல்ஸ். ஒரு பல்ஸ் என்பது ஒரு மைக்ரான். கேட்கவே அழகாக இருக்கிறது. ஆனால் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 12 மீட்டர் ஓட வேண்டும் என்றால் நொடிக்கு 200 மில்லிமீட்டர், அதாவது நொடிக்கு 2 லட்சம் பல்ஸ். பழைய பிரின்டர் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டரே பல்ஸ் அனுப்பினால் சுமார் 30 ஆயிரத்தோடு மூச்சு வாங்கிவிடும். அப்படியானால் கிடைக்கும் வேகம் நிமிடத்துக்கு 1.8 மீட்டர்தான். மரம் வெட்டுகிற மெஷின் அந்த வேகத்தில் ஊர்ந்தால் மரம் கருகும், பிட் சூடாகும்.

இதற்கு இரண்டு தீர்வு. செலவில்லாத தீர்வு, எலக்ட்ரானிக் கியரை மாற்றிச் சுற்றுக்கு 2,000 பல்ஸ் என்று குறைப்பது. அப்போது ஒரு பல்ஸுக்கு 5 மைக்ரான். மரத்துக்கு அது தாராளம். அதே 30 ஆயிரம் பல்ஸில் நிமிடத்துக்கு 9 மீட்டர் ஓடும். இரண்டாவது தீர்வு, பல்ஸ் உண்டாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடமிருந்து எடுத்து ஒரு தனி அட்டையிடம் கொடுப்பது. அமெரிக்காவின் மெசா என்ற நிறுவனத்தின் 7ஐ96எஸ் அட்டை லினக்ஸ்சிஎன்சி உலகில் எல்லோரும் அறிந்தது. நெட்வொர்க் கேபிளில் கம்ப்யூட்டரோடு பேசும், ஐந்து அச்சுகளுக்குப் பல்ஸ் கொடுக்கும், லிமிட் ஸ்விட்ச்களை மாட்டவும் இடம் உண்டு. கம்ப்யூட்டர் செத்துவிட்டாலோ கேபிள் கழன்றாலோ சில மில்லி வினாடிகளில் தானே வெளியீடுகளை அணைத்துவிடும் காவல் அமைப்பும் அதில் இருக்கிறது. அந்தக் காவலுக்காகவே நான் அட்டையைப் பரிந்துரைத்தேன். தம்பி தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். யூஎஸ்பியில் மாட்டுகிற மலிவான அட்டை எதுவும் இதற்கு மாற்று ஆகாது. யூஎஸ்பியில் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

வயரிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்கிறேன். பெரும்பாலான டிரைவ்களில் பல்ஸ் வாங்கும் முனை 5 வோல்ட்டுக்கானது. பேனலில் மற்றதெல்லாம் 24 வோல்ட். கை தவறி 24-ஐ நேராகக் கொடுத்தால் உள்ளே இருக்கிற சின்ன ஆப்டோ அந்த நொடியே போய்விடும். வெளியே புகை வராது, சத்தம் வராது, டிரைவ் நல்லபடியாகவே எழுந்து நிற்கும், ஆனால் மோட்டார் மட்டும் நகராது. 24 கொடுக்கத்தான் வேண்டும் என்றால் டிரைவ் கையேடு சொல்கிற ரெசிஸ்டரைத் தொடரில் போட வேண்டும். பல்ஸ் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கிய ஷீல்டு கேபிளாக இருக்க வேண்டும். ஸ்பிண்டில் மோட்டாரின் கேபிளோடு சேர்த்து ஒரே டக்டில் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஸ்பிண்டில் ஓடும் நேரத்தில் மட்டும் பேய் பிடித்ததுபோல மெஷின் ஏதேதோ செய்யும்.

மென்பொருளுக்குள் எந்தச் செய்தி எந்த முனைக்குப் போக வேண்டும் என்று இணைக்கிற பகுதிக்கு ஹால் என்று பெயர். பேனலில் வயர் இழுத்துப் பழகியவருக்கு அது புரிந்துவிடும். இந்த ஸ்விட்சிலிருந்து அந்த ரிலேவுக்கு வயர் என்று பேனலில் இழுக்கிறோமே, அதையே எழுத்தில் எழுதுவதுதான் ஹால். எனக்குப் புரோகிராமிங் தெரியாது. ஹால் மட்டும் இரண்டு நாளில் கைக்கு வந்தது.

மூன்று வாரத்தில் மெஷின் அசைந்தது. அன்று பட்டறையில் எல்லோர் முகத்திலும் பெருநாள். மறுநாளே நான் தலைகுனிய வேண்டி வந்தது.

ஒரு கதவுக்கு ஜாலி வெட்டினோம். சுமார் 250 ஓட்டைகள், ஒவ்வொன்றையும் நாலு ஆழத்தில் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். தொடக்கத்தில் கச்சிதமாக இருந்தது. முடிவில் பார்த்தால் கடைசி ஓட்டைகள் மூலைவாட்டில் நகர்ந்திருந்தன. அளந்தால் 2 மில்லிமீட்டர். தேக்குப் பலகை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். நான் கப்ளிங் லூஸ் என்றேன், முறுக்கினேன். ஸ்க்ரூவில் தேய்மானம் என்றேன், டயல் வைத்துப் பார்த்தேன். இரண்டுமில்லை.

இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 250 ஓட்டை, நாலு ஆழம், மொத்தம் 1,000 வட்டம். ஒவ்வொரு வட்டத்திலும் எக்ஸ் அச்சு ஒரு முறை போய் ஒரு முறை திரும்பும். 2 மில்லிமீட்டர் என்றால் 2,000 பல்ஸ். ஆக வட்டத்துக்கு 2 பல்ஸ் தவறுகிறது! தேய்மானம் என்றால் இவ்வளவு ஒழுங்காகத் தவறாது. திசைக் கம்பியின் செய்தி மாறி, டிரைவ் அதை உணர்ந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு முன்பே அடுத்த பல்ஸ் வந்துவிட்டால், அந்தப் பல்ஸைப் பழைய திசையிலேயே எண்ணிவிடும். கூட்ட வேண்டிய ஒன்றைக் கழித்தால் பிழை இரண்டு. அந்த டிரைவின் ஆப்டோ ஒரு பக்கம் மாறும்போது சீக்கிரமும் மறுபக்கம் மாறும்போது மெதுவாகவும் மாறுவதால், பிழை ஒன்றையொன்று சமன் செய்யாமல் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது.

லினக்ஸ்சிஎன்சியில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. திசை மாறிய பின் எத்தனை நானோ வினாடி காத்திருந்து பல்ஸ் அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதலாம். நான் 200 என்று எழுதியிருந்தேன். 10,000 என்று மாற்றினேன். நானோவில் 10,000 என்பது 10 மைக்ரோ வினாடி, வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அடுத்த பலகை அச்சில் வார்த்ததுபோல வந்தது. தேவையான நேரம் டிரைவ் கையேட்டிலேயே இருந்தது. படிக்காமல் விட்டது நான். அந்தத் தேக்குப் பலகைக்கான பணத்தைக் கொடுத்தேன், தம்பி வாங்க மறுத்தார். மறுத்தாலும் அவர் தங்கை கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இத்தனை பிழை நடந்தும் கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியவில்லை. பல்ஸ் வழியில் என்கோடரின் செய்தி டிரைவோடு நின்றுவிடுகிறது. போன் செய்கிற பையன் டிரைவுக்குத்தான் போன் செய்கிறான். டிரைவ் தான் கேட்டதைச் சரியாகச் செய்தது, கேட்டதுதான் தப்பு. பல டிரைவ்களில் என்கோடரின் நகலை வெளியே கொடுக்கும் முனைகள் உண்டு. அவற்றைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தால் இந்த மாதிரி பிழையை அது உடனே பிடித்துவிடும். அதற்கு வசதி இல்லையென்றாலும் டிரைவின் அலாரம் வெளியீட்டையாவது கட்டாயம் இழுங்கள். இல்லாவிட்டால் ஒரு மோட்டார் அலாரத்தில் நிற்க, மற்ற இரண்டும் மரத்தை உழுதுகொண்டே போகும்.

இரண்டாவது வழி பழைய, பெரிய மெஷின்களில் வரும். டிரைவுக்குப் பல்ஸ் போகாது. பிளஸ் 10 வோல்ட் முதல் மைனஸ் 10 வோல்ட் வரை ஒரு மின்னழுத்தம் போகும். வோல்ட் கூடினால் வேகம் கூடும், மைனஸ் ஆனால் திசை மாறும். இங்கே என்கோடர் நேராகக் கம்ப்யூட்டருக்கு வரும். எங்கே இருக்கிறோம் என்று பார்த்து வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பு லினக்ஸ்சிஎன்சியின் பிஐடி கணக்குக்கு. மெசாவின் 7ஐ77, 7ஐ97 அட்டைகள் இதற்கானவை. லேத், மில்லிங் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு வாய்க்கிற பழைய மெஷின் பெரும்பாலும் இந்த வகை. வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் ஒரு ஆபத்து உண்டு. என்கோடரின் ஏ, பி கம்பிகள் இடம் மாறிவிட்டால், மெஷின் முன்னால் போகப் போக "பின்னால் போகிறாய்" என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி வரும். அது இன்னும் வேகமாக முன்னால் தள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் மேசை ஓடிப்போய் முட்டும். அதனால் முதல் முறை ஓட்டும்போது மோட்டாரை ஸ்க்ரூவிலிருந்து கழற்றி வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆணைக்கும் இருப்புக்கும் இடையே இவ்வளவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நிறுத்திவிடு என்ற எல்லை ஒன்று மென்பொருளில் உண்டு. ஆரம்பத்தில் அதைச் சின்னதாக வையுங்கள். "அடிக்கடி நிற்கிறதே" என்று எரிச்சல்பட்டு அதைப் பெரிதாக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது புகை மணியின் வாயில் துணி அடைப்பது போல.

மூன்றாவது ஈதர்கேட். ஜெர்மனியின் பெக்காஃப் 2003-இல் கொண்டுவந்தது. ஒரே நெட்வொர்க் கேபிள் ஒரு டிரைவிலிருந்து அடுத்த டிரைவுக்குச் சங்கிலிபோலப் போகும், வயர் மிகக் குறைவு, டிரைவின் உள்ளே நடப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். லினக்ஸ்சிஎன்சியோடு இதை இணைக்கத் தனி மென்பொருள் பாகங்கள் சேர்க்க வேண்டும். முதல் மெஷினுக்கு இது வேண்டாம் என்பது என் எண்ணம்.

இனி வீட்டில் உள்ளவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. அவசர நிறுத்தப் பொத்தானை, அந்தச் சிவப்புக் காளானை, கம்ப்யூட்டருக்கு மட்டும் வயர் இழுத்துவிட்டு "வேலை செய்கிறது" என்று சொல்வார்கள். ஏற்றுக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் உறைந்த நேரத்தில்தானே அந்தப் பொத்தான் தேவைப்படும்? அழுத்தினால் கான்டாக்டர் விழுந்து மோட்டாருக்கான மின்சாரம் நேராக அறுபட வேண்டும், அல்லது டிரைவில் அதற்கென்று உள்ள பாதுகாப்பு முனை வழியாக மோட்டாரின் விசை அறுபட வேண்டும். கம்ப்யூட்டருக்கு "அழுத்திவிட்டார்கள்" என்ற தகவல் மட்டும் போனால் போதும். சோதிக்க எளிய வழி: கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளை மெஷினிலிருந்து பிடுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், கான்டாக்டர் "டக்" என்று விழ வேண்டும்.

மேலும் கீழும் போகிற இசட் அச்சுக்குப் பிரேக் உள்ள மோட்டார் வேண்டும். சர்வோவுக்கு மின்சாரம் போனால் பிடிப்பும் போய்விடும், ஸ்பிண்டில் தன் எடைக்குக் கீழே இறங்கும். எங்கள் மெஷினில் பிரேக் ரிலேவை நான் தலைகீழாக இணைத்திருந்தேன். முதல் முறை ஆஃப் செய்ததும் ஸ்பிண்டில் இறங்கி பிட் மேசையில் குத்தி நின்றது. நல்லவேளை, அப்போது கீழே யார் கையும் இல்லை. அதே போல, மெயின் ஆஃப் செய்துவிட்டு உடனே டிரைவ் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். சார்ஜ் விளக்கு அணைந்த பின்னும் பத்து நிமிடம் பொறுங்கள். எர்த் குழி பட்டறைக்கே தனியாக இருக்க வேண்டும். குழாயில் கட்டிவிட்டு எர்த் என்று சொல்லும் வேலை சர்வோவிடம் செல்லாது.

பிள்ளைகள் இதை எங்கே கற்பது? விழுப்புரத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, சுருக்கமாக விக்ளக் என்பார்கள். கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் லினக்ஸும் கட்டற்ற மென்பொருளும் சொல்லித்தருகிறார்கள். சிஎன்சிக்கு வருவதற்கு முன் லினக்ஸில் கை பழக அது போதும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு ஐடிஐ இருக்கின்றன. எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களைப் புதிய மெஷின்களோடு மேம்படுத்தியிருக்கிறது. சிஎன்சி, ரோபோ பயிற்சிகள் அங்கே வந்துவிட்டன. நம் பிள்ளைகளில் பலர் பத்தாவது முடித்ததும் வெளிநாட்டுக் கனவோடு கடையில் நிற்கப் போய்விடுகிறார்கள். பேனல் வயரிங்கும் லினக்ஸும் இரண்டும் தெரிந்த ஒரு பையனைத் தேடினால், இந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு கைவிரல் எண்ணிக்கைக்கு மேல் கிடைக்கவில்லை.

மெஷின் வந்தால் கைவேலைக்காரர் பிழைப்பு என்னாகும் என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. முன்பு நம் மாவட்டத்தோடு இருந்து 2019-இல் தனியாகப் போன கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைக்கு உள்ள மதிப்பு அது. மூன்று அச்சு ரௌட்டர் மேலிருந்து மட்டுமே குடையும். இலைக்கு அடியில் உளி நுழைத்துக் குடையும் வேலை அதற்கு வராது. ஆனால் சாதாரணப் பூ, கொடி, ஜாலி வேலைகளில் விலை இறங்கிவிட்டது என்பதும் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. தம்பி தன் பட்டறையில் முன்பு உளி பிடித்த பெரியவரை இன்னும் வைத்திருக்கிறார். மெஷின் முரட்டு வேலையை முடிக்கும், மூலைகளையும் முகத்தையும் அவர் தீட்டுவார்.

மொத்தச் செலவைக் கேட்பீர்கள். கம்ப்யூட்டர் பழையது, மென்பொருள் இலவசம். அட்டை, 24 வோல்ட் சப்ளை, கான்டாக்டர், கேபிள், ப்ராக்ஸிமிட்டி சென்சார், வீணாக்கிய ஒரு பலகை எல்லாம் சேர்த்து, முதலில் கேட்கப்பட்ட தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே முடிந்தது. என் கூலியைச் சேர்க்கவில்லை. மூன்று வார மாலைகளை எண்ணினால் அதுவும் ஒரு செலவுதான்.

மெஷின் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: டிரைவின் பக்கவாட்டில் உள்ள பெயர்ப்பலகை, மோட்டாரின் பெயர்ப்பலகை, மின்சாரம் கொடுத்த நிலையில் டிரைவின் திரை. பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணை வைத்தே அது பல்ஸ் வாங்குமா, வோல்ட் வாங்குமா, ஈதர்கேட் மட்டுமா என்று கையேட்டில் பார்த்துச் சொல்லிவிடலாம். படங்களை டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுத்தால் என் கைக்கு வந்துவிடும். பார்த்துச் சொல்ல ஒரு நாள் கொடுங்கள். விற்கிறவர் அந்த ஒரு நாள் பொறுக்க மாட்டேன் என்றால், அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.